டிரைவர் சீட்டில் பாதி இடம்

கோவிந்தராஜன் மாமாவின் ஆட்டோவில் அவர் மனைவி ஜானகி அத்தைக்கு என்று தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. விடிவதற்கு முன்னால் ஜோகுபாளையத்திலிருந்து சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ எடுக்கப் போகும் வண்டி அது. பின்சீட் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு. என் அம்மா சொர்ணமும் அதே தெருவில் பூ விற்கும் இன்னும் மூன்று பெண்களும் அதில் நெருக்கி உட்காருவார்கள். கூடைகள் காலடியிலும் மடியிலும். அத்தையும் பூ விற்பவள்தான். அவள் முன்னால், டிரைவர் சீட்டில், மாமாவின் இடது பக்கம் கிடைத்த இடத்தில் உட்காருவாள். அதை உட்காருவது என்று சொல்ல முடியாது. ஒரு தொடை சீட்டில் இருக்கும், மற்றது வெளிக்காற்றில். ஒரு கை கண்ணாடிக் கம்பியைப் பிடித்திருக்கும். மாமாவும் தன் பங்குக்கு வலது பக்கம் ஒதுங்கிப் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்.

"போலீஸ் பாத்தா ஃபைன் போடுவான் அண்ணி," என்று அம்மா பின்னாலிருந்து சொல்வாள்.

"அந்த நேரத்துல போலீஸ்காரரு அவரு வூட்டு சீட்ல தூங்கினு இருப்பாரு," என்பாள் அத்தை.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான் போய்வந்தார்கள். அவர்கள் மகள் தீபிகாவைக் கட்டிக்கொடுத்து அடுகோடிக்கு அனுப்பிய மறுநாள்கூட வண்டி மார்க்கெட்டுக்குப் போயிற்று. திரும்பி வரும்போது கூடைகளிலிருந்து முதலில் எடுக்கிற மல்லிகையில் ஒரு துண்டு, கண்ணாடிக்கு மேலே இருந்த முருகன் படத்துக்கு. யாருடைய கூடையிலிருந்து என்பது முறை வைத்து மாறும். வேறு ஆட்டோக்காரர்கள் பூவை விலைக்கு வாங்கிச் சாத்தும்போது தன் முருகனுக்கு மட்டும் இலவசம் என்பதில் மாமாவுக்கு ஒரு பெருமை.

அவர் ஜோகுபாளையத்திலேயே பிறந்தவர். கன்னட மீடியத்தில் ஏழாவது வரை படித்தார். அப்பா இறந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவப் போனார். அங்கேயே ஓட்டப் பழகி, வெகுநாள் வாடகை வண்டி ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கினார். அவரைப் பற்றி ஊருக்குச் சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை. பேசுவார். நிறையப் பேசுவார். தெருவிலிருந்து கிளம்பி மார்க்கெட் போய்ச் சேரும் வரை நேற்று ஏறின சவாரிகளின் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். பின்சீட்டில் இருப்பவர்களுக்குப் பாதிதான் காதில் விழும். முழுசாகக் கேட்பது அத்தை மட்டும்தான்.

பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அறிவிப்பு வந்த வருஷம் நான் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் ஒரு பிங்க் டிக்கெட் கொடுப்பார், அதில் காசு இருக்காது. நானும் அந்த டிக்கெட்டில்தான் வகுப்புக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் அதைப் பையில் போட்டு வைப்பேன். ஏன் வைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

மார்க்கெட்டுக்கு முதலில் பஸ் ஏறியது என் அம்மாதான்.

அன்றைக்கு மாலை மாமா எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்டார். "இன்னா சொர்ணம், காலையில காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"பஸ்ல போயிட்டேன்ணா."

"பஸ்லயா? கூடைய ஏத்த வுட்டானா?"

"மொணகினான். ஒரு முழம் மல்லி குடுத்தேன். வாய மூடிக்கினான்."

மாமா சிரித்தார். "அப்ப முருகனுக்கு வர வேண்டியது கண்டக்டருக்குப் போச்சா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இவளுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டணும். அதுக்கு ஆவும்."

"இதுல கோவம் இன்னா கீது. புள்ள படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, பெரிய ஆபீசரா ஆனப்புறம் என் வண்டியிலதானே ஏறுவ?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகும் பிங்க் டிக்கெட்டில்தான் போய்வந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மற்ற மூன்று பேரும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. ஒருத்தி மருமகள் கூடப் போகிறேன் என்றாள். ஒருத்தி இனிமேல் விடிந்த பிறகே போகப் போவதாகச் சொன்னாள். எல்லோரும் அண்ணா அண்ணா என்று சொல்லியே நழுவினார்கள்.

அத்தைக்கு அது பஸ்ஸால் வந்தது என்று முதலில் படவேயில்லை. வண்டியின் பின்சீட் வெகுநாளாகக் கிழிந்து, ஸ்பிரிங் மேலே வந்து, உட்காருபவர்களின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். வீட்டுத் தலைவிக்கு மாதாமாதம் அரசு போடும் பணம் அவள் கணக்கில் முதல் முறையாக வந்தபோது, அவள் பேருக்கு என்று வந்த முதல் பணம் அதுதான், மாமாவிடம் சொல்லாமல் வண்டியை சீட் தைக்கிறவரிடம் கொடுக்கலாமா என்று எங்கள் அம்மாவிடம் யோசனை கேட்டாள். அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மாமாவின் சிநேகிதர் ஹெர்பர்ட் அண்ணன், லிங்கராஜபுரத்திலிருந்து வந்து எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாக்கு சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு போய்ப் புது ஸ்பாஞ்ச் வைத்து மெரூன் ரெக்சின் தைத்துக் கொண்டுவந்தார்.

அத்தை தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். நான்கு பெண்களும் வந்து பார்த்தார்கள். சீட்டை அழுத்திப் பார்த்தார்கள். மெத்தை மாதிரி இருக்கிறது என்றார்கள். அம்மா ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தாள். மறுநாள் காலை எல்லோரும் பஸ்ஸில் போனார்கள்.

அதற்குப் பிறகு வண்டியில் மார்க்கெட் போனது அவர்கள் இரண்டு பேர்தான். ஒரு விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க நின்றிருந்தபோது அவர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை. புது ரெக்சின் மேலே ஒரே ஒரு காலிக் கூடை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அத்தை முன்னால், அதே பாதி இடத்தில்.

"பின்னால போய் சொகுசா ஒக்காரேன்," என்றார் மாமா.

"பழக்கமில்ல. சீட் அழுக்காவும். சவாரிக்கு ஆவட்டும்."

"உன் காசுல போட்ட சீட்டு."

"அதான் சொல்றேன். வண்டிய எடுங்க."

அவர் எடுத்தார். தெருமுனை திரும்புவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

பகலில் ஸ்டாண்டிலும் அப்படித்தான். சுற்றிலும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களும்தான் பாதி சவாரி. அவர்கள் இப்போது பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். மாமா அவர்களைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அத்தைகூட நினைத்தபோது அடுகோடிக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்திருந்தாள். முன்பெல்லாம் அதற்கு மாமாவுக்குச் சவாரி இல்லாத நாள் பார்க்க வேண்டும், அவர் முகம் பார்க்க வேண்டும். "பஸ் வுட்டது நல்லதுதான். பொம்பளைங்க காலு கட்டு அவுந்துச்சு," என்று அவரே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அவர்கள் வீட்டு டி.வி.யில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். இலவசங்களால் மாநிலம் கடனில் மூழ்குகிறது, பிறக்கிற குழந்தையின் தலையில்கூட இத்தனை ஆயிரம் கடன் என்று ஒருவர் விரலை ஆட்டினார். நான் சாப்பாட்டுக் கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"இன்னா கிருத்தி, உன் படிப்பு இதானே?" என்றார் மாமா. "என் தலையிலயும் சேத்துத்தான் சொல்றானா?"

"ஆமா மாமா. எல்லார் தலையிலயும்."

"நான் எங்கியும் கையெழுத்துப் போடலியே?"

"அவரு தலையில முடியே நிக்கல. கடன் எங்க நிக்கும்?" என்றாள் அத்தை, பூக் கட்டுவதை நிறுத்தாமல்.

மாமா தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, அந்தக் காசு எங்க போச்சு? பஸ்ஸுக்கா?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கும்தான், ஆனால் அது மட்டுமில்லை, பழைய கடனுக்கு வட்டி இருக்கிறது, ரோடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பெரிய கம்பெனிகளுக்குத் தள்ளுபடி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெண்கள் மிச்சம் பிடிக்கும் பணம் திரும்பக் கடைக்குத்தான் வருகிறது, அதில் வியாபாரம் வளர்கிறது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வரட்டும். நம்ம பக்கம் வர்றதுக்கு எவ்ளோ நாள் ஆவும்?"

தெரியவில்லை என்றேன். அதுதான் நிஜம்.

அந்த வருஷம் நான் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரை இலவசத் திட்டங்களும் மாநிலக் கடனும் பற்றியது. திட்டங்களை ஆதரித்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் அம்மா பஸ்ஸில் மிச்சம் பிடித்ததுதான் என் பரீட்சைக் கட்டணமாக ஆனது. அதை எழுத எனக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. கோவிந்தராஜன் மாமாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதிக்கப்பட்ட தரப்பினர் என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியில் யாருமே இல்லை. திட்டங்களை நிறுத்திவிட வேண்டுமா என்று என்னைக் கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டே எழுதி முடித்தேன்.

ஹெர்பர்ட் அண்ணன்தான் கணக்கைப் பேசினார். "ஒரு கூடைக்கு மார்க்கெட் வரைக்கும் கேஸ் எரிக்கிறியே கோவிந்தா, உனக்கு இன்னா பைத்தியமா? அண்ணிய பஸ்ல ஏத்தி வுட்டுட்டுத் தூங்கு."

"சும்மா இரு," என்றார் மாமா.

அத்தை காதில் அது விழுந்தது. அன்றே சொன்னாள், நாளையிலிருந்து சொர்ணம் கூடப் பஸ்ஸில் போகிறேன் என்று. மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "நீயும் இறங்கிட்டா இது ஆட்டோவே இல்ல, வெறும் தகரம்," என்றார். அத்தை தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். மறுநாள் வழக்கம் போல முன்னால் ஏறிக்கொண்டாள்.

இதற்கிடையில் ஆட்டோ, வேன், டாக்சிச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் பந்த் அறிவித்தன. பெண்களுக்கு இலவச பஸ் விட்டதால் தொழில் போய்விட்டது, நஷ்டஈடு வேண்டும் என்று ஊர்வலம். ஸ்டாண்டிலிருந்து எல்லோரும் வர வேண்டும். அதே நாளில் அத்தைக்கு சாமராஜ்பேட்டையில் ஒரு மண்டபத்துக்குக் கல்யாண மாலைகள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த பெரிய ஆர்டர். ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் கட்டியிருந்தாள். வண்டியை எடுத்தால் மற்ற டிரைவர்கள் டயர் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள்.

"இன்னிக்கு மட்டும் பஸ்ல போ," என்றார் மாமா, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டே.

"இலவச பஸ் வேணாம்னு கத்தப் போறவரு, பொண்டாட்டிய அதுலயே ஏத்தி வுடறாரு," என்றாள் அத்தை.

"நான் இன்னா பண்றது. டிக்கெட் வாங்கினு போறியா?"

"ஐயே, ஆள வுடுங்க."

ஒரு கூடையை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பஸ்ஸில் கூட்டம் குறைவு. முன்பக்கம், பெண்கள் பகுதியில், ஜன்னலோரம் அத்தைக்கு இடம் கிடைத்தது. மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் பழக்கத்தில் சீட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். எம்.ஜி. ரோடு தாண்டுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள். பிறகு தலை ஜன்னல் கம்பியில் பட்டு நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ரோட்டுப் பள்ளங்கள்கூட அவளை எழுப்பவில்லை.

கார்ப்பரேஷன் பக்கம் பஸ் நின்றது. ஊர்வலம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. காக்கிச் சட்டைகள், கொடிகள், தட்டிகள். பஸ்ஸைப் பார்த்ததும் நாலைந்து பேர் பக்கத்தில் வந்து தகரத்தை ஓங்கித் தட்டினார்கள்.

"ஓசியில போறவங்கல்லாம் கீழ எறங்குங்கம்மா. நடந்து பாருங்க, தெரியும்."

"உன் பொண்டாட்டி ஹெலிகாப்டர்ல போறாளா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். பஸ்ஸில் சிரித்தார்கள். வெளியே தட்டுவது அதிகமானது.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஹெர்பர்ட் அண்ணன். அவர்தான் முதலில் எங்களைப் பார்த்து மாமாவின் தோளைத் தொட்டுக் காட்டினார். மாமா நின்றார். அத்தையைப் பார்த்தார். நான் அவளை எழுப்பக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். மாமா வந்து அவன் கையைப் பிடித்தார்.

"தட்டாதப்பா. தூங்குறாங்க."

"யாரு குரு?" என்றான் அவன், அண்ணே என்பதற்குக் குரு என்று சொல்லும் கன்னடக்காரப் பையன்.

"யாரோ. தூங்குறாங்க, வுடு."

அந்தப் பையன் மேலே பார்த்துவிட்டு நகர்ந்தான். மாமா அங்கேயே நின்றார். ஊர்வலம் அவரைத் தாண்டிப் போயிற்று. தட்டி அவர் கையில் தலைகீழாகத் தொங்கியது. பஸ் நகரும் வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார வைத்து ஓட்டியவர், அவள் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பது போல.

சாமராஜ்பேட்டையில் அத்தை திடுக்கிட்டு விழித்தாள். "ஐயோ, தூங்கிட்டேனா? ஊர்வலம் வந்துச்சா?" என்றாள்.

வந்தது என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினேன்.

மறுநாள் காலை மாமா வண்டியை எடுக்கவில்லை. "இனிமே பஸ்லயே போ. எனக்குக் காலையில இடுப்பு புடிக்குது," என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாராம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

சில நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரே ஒரு நாள் பஸ்ல போனேன். அவருதான் போகச் சொன்னாரு. இப்ப கோவம். என்னக் கூட்டினு போகவே மாட்டேங்கறாரு."

"கோவமில்ல அத்தை," என்று நான் நடந்ததைச் சொன்னேன்.

அவள் கை நின்றது. நார் விரலிலேயே சுற்றியபடி இருந்தது.

"வண்டியில நான் எதுக்குத் தூங்கப் போறேன்?" என்றாள். "அவரு பேசினே வருவாரே."

"அதப் போய் அவருகிட்டச் சொல்லுங்க."

"சொன்னா மறுபடி வண்டிய எடுத்துடுவாரு. ஒரு கூடைக்குக் கேஸு எரியணும்." கொஞ்சம் கழித்து, "தூங்காமயாவது இருந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.

மார்க்கெட் சவாரி நின்ற பிறகு அந்த வண்டி வெகுநாள் தாங்கவில்லை. விடியற்காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் போனதும் மாமா ஸ்டாண்டுக்குப் போவதே பத்து மணி ஆயிற்று. போனில் ஆப் வைத்து ஓட்டும் பையன்கள் தெருவுக்குள்ளேயே வந்து சவாரி எடுத்தார்கள். அடுத்த கோடையில் விற்றார். வாங்க வந்தவன் எஞ்சினைக் குறை சொன்னான், டயரைக் குறை சொன்னான், கடைசியில் பின்சீட்டை அழுத்திப் பார்த்து, "சீட்டு மட்டும் புதுசாட்டம் கீது, யாருமே ஒக்காரலியா?" என்றான். அத்தை உள்ளே போய்விட்டாள். முருகன் படத்தை மட்டும் மாமா கழற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது இந்திராநகரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். அங்கே வருகிற போகிறவர்களிடம் பேசக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்களாம். அதை அவர் ஒரு ஜோக் மாதிரிச் சொல்லிக் காட்டினார். யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனின் பிறந்த நாள். அத்தை, மாமா, நான் மூன்று பேரும் அடுகோடிக்குப் பஸ்ஸில் போனோம். எனக்கு அந்தப் பக்கம் ஒரு இண்டர்வியூவுக்கு இடம் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. அத்தையும் நானும் முன்வாசலில் ஏறினோம். மாமா பின்வாசலில். எங்களுக்குப் பிங்க் டிக்கெட். பின்னால் அவர் சில்லறை எடுத்துக் கொடுப்பது கூட்டத்துக்கு நடுவில் தெரிந்தது. அத்தைக்கு ஓர் இடம் கிடைத்தது, ஆனால் நடைபாதைப் பக்கம். சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். மாமா அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றிருந்த யாரிடமும் பேசவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் ஜன்னலோரம் இருந்த பெண் இறங்கினாள். அத்தை அங்கே நகரவில்லை. காலியான இடத்தில் கையை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். தலைக்கு மேலே மகளிர் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அவர் லேசாகச் சிரித்து, மாட்டேன் என்று தலையசைத்தார்.

அத்தை இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்க ஆரம்பித்ததும் என்னைப் பார்த்தாள்.

"நீ ஒக்காரு கிருத்தி," என்றாள்.

பிங்க் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன்.